வார்சாவின் இலையுதிர்கால இசைவிழா
(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு)

‘திருவிழா’ என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவை எவை? கொடியேற்றம், நவநாள் செபம், தேர்ப்பவனி, பவனி முடிந்து வாங்கித் தின்னும் பொரிகடலை, இவைதாமே! போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவில், ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில், வேறு வகையான விழா ஒன்று நடைபெறுகிறது. அது இசைக்காக மட்டுமே எடுக்கப்படும் விழா. அங்கே நாம் எதிர்பார்க்கும் இனிய இராகங்கள் கேட்காமலும் போகலாம். வயலினை வில்லால் வாசிப்பதற்குப் பதிலாக அதன் மரப்பெட்டியைத் தட்டுவார்கள். பாடகர்கள் பாடாமல் முணுமுணுப்பார்கள். ‘இதுவும் இசையா?’ என்று கேட்டபடியே எழுந்து போனவர்களும் உண்டு. டிக்கெட்டுக்காகக் காத்து நின்றவர்களும் உண்டு. ‘வார்சா இலையுதிர்காலம்’ என்பது அவ்விழாவின் பெயர். தற்கால இசைக்கென நடைபெறும் அனைத்துலக விழாக்களில் அது மிகவும் புகழ்பெற்ற ஒன்று.

இந்த விழாவின் அருமையை உணர வேண்டுமானால், முதலில் அந்த நகரம் பட்ட பாட்டை நாம் அறிந்திருக்க வேண்டும்.

1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தது. வார்சாவின் பெரிய இசை அரங்கமான ஃபில்ஹார்மனிக் மண்டபம் குண்டுவீச்சில் எரிந்தது. ஜெர்மானிய ஆட்சியில் போலந்து மக்கள் தங்களுக்கென்று பெரிய கச்சேரி நடத்துவதற்கு அனுமதி இல்லை. காப்பிக் கடைகளில் வாசிப்பதற்கு மட்டும் தடை இல்லை. எனவே நாட்டின் தேர்ந்த இசைவாணர்கள் காப்பிக் கடைகளைத் தேடிச் சென்றார்கள். அவர்களுள் இருவர் இரண்டு பியானோக்களில் அருகருகே அமர்ந்து வாசித்து வந்த இளைஞர்கள். ஒருவர் விட்டோல்ட் லூட்டோஸ்வாவ்ஸ்கி. மற்றவர் ஆந்த்ஜெய் பானுஃப்னிக். இந்த இரண்டு பெயர்களையும் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம். நம் பெயர்களும் போலந்துச் சிறுமிகளின் வாயில் நுழையமாட்டா! அவர்கள் அங்கே வாசிப்பதற்காக எழுதிவைத்த இருநூறுக்கும் மேற்பட்ட இசைத்தாள்களில், லூட்டோஸ்வாவ்ஸ்கி 1941-இல் பகனீனியின் மெட்டு ஒன்றை வைத்து எழுதிய ஒன்றே தப்பிப் பிழைத்தது. 1944-இல் வார்சா மக்கள் ஜெர்மானியரை எதிர்த்து 63 நாட்கள் போரிட்டுத் தோற்றார்கள். அதன்பின் ஜெர்மானியர் நகரைத் தெருத்தெருவாக எரித்தும் வெடிவைத்தும் தகர்த்தார்கள். மற்ற இசைத்தாள்கள் எல்லாம் அந்த அழிவில் மறைந்தன. பானுஃப்னிக் அதுவரை எழுதியிருந்த இசை முழுவதையும் இழந்தார். உடன்பிறந்த அண்ணனையும் இழந்தார்.

போர் முடிந்தது. ஆனால் விடுதலை வந்துவிடவில்லை. சோவியத் ரஷ்யாவின் பிடியில் கம்யூனிஸ்டு ஆட்சி அமைந்தது. 1949-இல் வகோவ் என்ற ஊரில் இசையமைப்பாளர்களைக் கூட்டி, இனி இசை எப்படி இருக்க வேண்டும் என்று அரசினர் எடுத்துரைத்தார்கள். இசை எளிமையாக இருக்க வேண்டும். தொழிலாளருக்கு உடனே விளங்க வேண்டும். நாட்டுப்புற மெட்டுகளைத் தழுவ வேண்டும். மகிழ்ச்சியும் நம்பிக்கையும் தொனிக்க வேண்டும். கேட்பதற்கு நல்ல அறிவுரைபோலவே தோன்றுகிறது, இல்லையா? எளிமையும் மகிழ்ச்சியும் தீயவை அல்லவே! ஆனால் மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டால், துயரப்பட்டவன் எங்கே போய் அழுவான்? அண்ணனைப் பறிகொடுத்தவர் எந்த மெட்டில் அழுவார்? கட்டளைக்குப் பொருந்தாத இசைக்கு ‘வெறும் உருவவாதம்’ என்று முத்திரை குத்தினார்கள். லூட்டோஸ்வாவ்ஸ்கியின் முதல் சிம்பொனிக்கும் அந்த முத்திரை விழுந்தது. ஆண்டுக்கணக்கில் அது மேடை ஏறவில்லை. அவர் குழந்தைப் பாடல்களும் வானொலிக்கான சிறு இசைகளும் எழுதிப் பிழைத்தார். பானுஃப்னிக் 1954-இல் நாட்டைவிட்டுத் தப்பி இங்கிலாந்து சென்றார். அன்று முதல் அவருடைய இசையும் பெயரும் போலந்தில் ஒலிக்காமல் போயின.

1953-இல் ஸ்டாலின் இறந்தார். இறுக்கம் மெல்லத் தளர்ந்தது. 1955-இல் வார்சாவின் ஃபில்ஹார்மனிக் மண்டபம் மீண்டும் கட்டித் திறக்கப்பட்டது. ததேயுஷ் பாயர்ட், காஜிமியெஷ் செரோட்ஸ்கி என்ற இரு இளம் இசையமைப்பாளர்கள், ‘உலகில் இன்று எழுதப்படும் இசையை நம் மக்கள் கேட்க ஒரு விழா வேண்டும்’ என்ற கருத்தைத் தங்கள் சங்கத்தில் முன்வைத்தார்கள். அந்தப் போலந்து இசையமைப்பாளர் சங்கம்தான் இன்றுவரை விழாவை நடத்தி வருகிறது.

முதல் விழா 1956 அக்டோபர் 10 முதல் 21 வரை நடைபெற்றது. அது எப்படிப்பட்ட அக்டோபர் தெரியுமா? அவ்வாண்டு ஜூன் மாதம் பொஸ்னான் நகரத் தொழிலாளர்கள் உணவும் நீதியும் கேட்டுத் தெருவில் இறங்கியபோது இராணுவம் சுட்டது, பலர் மாண்டனர். அக்டோபரில் போலந்துக் கட்சி தனக்குப் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க முற்பட்டது. சோவியத் தலைவர்கள் சினங்கொண்டு வார்சாவுக்குப் பறந்து வந்தார்கள். சோவியத் படைகள் தலைநகரை நோக்கி நகர்ந்தன. அதே வாரத்தில், அதே நகரில், மக்கள் அரங்கத்தில் அமர்ந்து புதிய இசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்! விழாவின் கடைசி நாளான 21-ஆம் தேதியன்றே கோமுல்கா கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். படைகள் பின்வாங்கின. விழா நல்ல வேளையில் பிறந்தது என்றுதான் நான் சொல்வேன்.

எல்லாவற்றையும் கட்டுப்படுத்திய அரசு, இந்த விழாவுக்கு மட்டும் பணமும் இடமும் கொடுத்தது ஏன்? என் சிற்றறிவுக்கு எட்டியவரை இரண்டு காரணங்கள் உண்டு. ‘பாருங்கள், எங்கள் நாட்டில் கலைக்குச் சுதந்திரம் இருக்கிறது’ என்று வெளிநாட்டாருக்குக் காட்ட அது உதவியது. இரண்டாவது காரணம் இன்னும் சுவையானது. கதை எழுதினாலும் கவிதை எழுதினாலும் தணிக்கை அதிகாரி ஒவ்வொரு சொல்லையும் சிவப்பு மையால் அடிக்கலாம். சொற்களே இல்லாத ஓர் ஒலியை எப்படி அடிப்பது? வயலினின் கிறீச்சென்ற ஓசை அரசைத் தாக்குகிறதா, போற்றுகிறதா என்று யார் கண்டார்? ஆகவே சொற்களுக்குத் திறக்காத கதவு ஒலிகளுக்குத் திறந்தது. மாஸ்கோவின் இசைக்குழுவும் மேற்கு நாடுகளின் இசைக்குழுக்களும் ஒரே விழாவில் வாசித்தன. 1958-இல் ஜெர்மனியிலிருந்து ஷ்டாக்ஹவுசன் வந்து மின்னணுக் கருவிகளால் உண்டாக்கிய இசையை ஒலிபரப்பிக் காட்டினார். பின்னாளில், தம் சொந்த நாட்டில் எளிதில் மேடை கிடைக்காத ஷ்னித்கே போன்ற சோவியத் இசையமைப்பாளர்களின் படைப்புகளும் வார்சாவில் ஒலித்தன. அன்றைய கிழக்கு ஐரோப்பாவில் இப்படி ஒரு சன்னல் திறந்திருந்தது மிக அரிது.

இனி, அந்த விழாவில் ஒலித்த இசை எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

1959-இல் இளம் இசையமைப்பாளர் சங்கப் போட்டி ஒன்று நடந்தது. எழுதியவர் பெயர் தெரியக்கூடாது என்பது விதி. முடிவில் முதல் பரிசு பெற்ற படைப்பும், அடுத்த பரிசுகளைப் பெற்ற இரண்டு படைப்புகளும் ஒரே ஆள் எழுதியவை என்று தெரிந்தபோது நடுவர்கள் திகைத்தார்கள்! கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று ஒன்றை வலக்கையாலும் மற்றொன்றை இடக்கையாலும் எழுதினார் என்று ஒரு கதை சொல்வார்கள். அந்த இருபத்தைந்து வயது இளைஞர்தாம் க்ஷிஷ்தோஃப் பெண்டெரெட்ஸ்கி.

1961-ஆம் ஆண்டு விழாவில் அவருடைய ‘ஹிரோஷிமாவில் பலியானோருக்கு ஓர் இரங்கல்’ வாசிக்கப்பட்டது. 52 தந்திக் கருவிகளுக்காக எழுதப்பட்டது அது: 24 வயலின்கள், 10 வயோலாக்கள், 10 செல்லோக்கள், 8 டபுள் பாஸ்கள். தொடக்கத்திலேயே, ஒவ்வொருவரும் தத்தம் கருவியில் எட்டக்கூடிய மிக உயர்ந்த சுரத்தை வாசிக்க வேண்டும். எந்தச் சுரம் என்று பெயர் குறிக்கப்படவில்லை. இசைத்தாளில் ஒரு சிறு கருப்பு முக்கோணம்தான் இருக்கும். பிறகு சிலர் குதிரைக்கு அப்பாலுள்ள துண்டுத் தந்தியை வில்லால் தேய்ப்பார்கள். சிலர் கருவியின் உடலை விரலால் தட்டுவார்கள். நாம் பாடும்போது அடுத்தடுத்த இரண்டு சுரங்களைச் சேர்த்து ஒலித்தாலே சிஸ்டர் முகம் சுளிப்பார்கள். இங்கேயோ அரைச்சுரம் மட்டுமல்ல, கால்சுர இடைவெளிகளும் நெருக்கி நிரப்பப்பட்டு, எல்லாம் ஒரே வேளையில் ஒலிக்கும். இசைத்தாளில் அதைத் தனித்தனிப் புள்ளிகளாக எழுத முடியாததால், தடித்த கருப்புப் பட்டையாக வரைந்திருக்கிறார். தாளக்கட்டும் இல்லை, இத்தனை விநாடி என்ற கணக்குத்தான்.

நான் இதை முழுவதும் கேட்டேன். கேட்பதற்கு இன்பமாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். அபாயச் சங்கு ஊதுவது போலவும், பெருங்கூட்டம் ஒன்று அலறுவது போலவும், பிறகு தொலைவில் விமானம் இரைவது போலவும் இருந்தது. ஏறத்தாழ ஒன்பது நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. முடிந்தபின் சற்று நேரம் யாரோடும் பேசத் தோன்றவில்லை.

ஆனால் ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண்டெரெட்ஸ்கி இதை எழுதியபோது ஹிரோஷிமாவை மனத்தில் வைத்து எழுதவில்லை. முதலில் அவர் வைத்த பெயர் ‘8 நிமிடம் 37 விநாடி’ என்பதே! பிறகு இசைக்குழு வாசிக்கக் கேட்டபோதுதான், தான் எழுதியது எவ்வளவு உள்ளத்தைத் தாக்குகிறது என்று உணர்ந்து புதிய பெயரைச் சூட்டினாராம். அவ்வாண்டே யுனெஸ்கோவின் பரிசும் கிடைத்தது. ‘இது ஏமாற்றல்லவா? பெயரால் அல்லவா புகழ் வந்தது?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் என் கருத்து வேறு. ஒரு தாய் குழந்தையைப் பெற்றெடுத்து, முகத்தைப் பார்த்தபின் பெயர் வைப்பதில்லையா? 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஒரு நகரம் முழுவதும் ஒரு காலைப்பொழுதில் அழிந்ததற்கு, இனிய மெட்டில் ஓர் இரங்கற்பா பாடினால் அதுதான் எனக்குப் பொய்யாகத் தோன்றும்.

அதே 1961-ஆம் ஆண்டு விழாவில் லூட்டோஸ்வாவ்ஸ்கியின் ‘வெனிஸ் விளையாட்டுகள்’ முழுமையான வடிவில் முதன்முதலாக ஒலித்தது. முந்தைய ஆண்டு அவர் வானொலியில் அமெரிக்கரான ஜான் கேஜின் இசையைக் கேட்டாராம். தற்செயலுக்கு இடங்கொடுக்கும் அந்த இசையிலிருந்து அவருக்கு ஒரு புதிய வழி புலப்பட்டது. அது என்னவென்றால், ஒவ்வொரு இசைஞரும் வாசிக்க வேண்டிய சுரங்களை அவர் துல்லியமாக எழுதிவிடுவார். ஆனால் சில பகுதிகளில் நடத்துநர் கையசைத்துத் தொடங்கிவைத்தபின், ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரைப் பார்க்காமல் தம் வேகத்தில் வாசிக்கலாம். மீண்டும் நடத்துநர் கை காட்டும்போது நிறுத்த வேண்டும். விளங்கவில்லையா? நம் விடுதிச் சிற்றாலயத்தில் தனிச்செபம் செய்யும் வேளையை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் அதே செபமாலையைத்தான் மெல்லிய குரலில் சொல்கிறோம். ஒருத்தி விரைவாகச் சொல்கிறாள். ஒருத்தி நிறுத்தி நிதானமாகச் சொல்கிறாள். வாசலில் நின்று கேட்டால் ஒரு தனிச் சொல்லும் பிரிந்து கேட்காது. தேனீக்கூட்டின் இரைச்சல் போல ஒரே ஒலிப்படலமாக இருக்கும். ஆனால் யாரும் தவறான சொல்லைச் சொல்லவில்லை! லூட்டோஸ்வாவ்ஸ்கி செய்தது ஏறக்குறைய அதுதான். ஒழுங்கும் உரிமையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதை இதைவிட எளிதாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

கத்தோலிக்கப் பிள்ளைகளாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய படைப்பு ஒன்று உண்டு. அது பெண்டெரெட்ஸ்கியின் ‘புனித லூக்காஸ் எழுதிய பாடுகள்’. பெரிய வாரத்தில் நம் கோவிலில் பாடுகளின் வரலாற்றைப் பகுதி பிரித்துப் பாடுகிறோம் அல்லவா? அவ்வாறே இங்கும் இயேசுவுக்கு ஒரு குரல். நற்செய்தியாளருக்கு ஒருவர், ஆனால் அவர் பாடுவதில்லை, வாசிக்கிறார். மூன்று பாடகர் குழுக்களும் ஒரு சிறுவர் குழுவும் உண்டு. கூட்டம் ஆண்டவரை ஏளனம் செய்யும் இடத்தில் பாடகர்கள் சிரிக்கிறார்கள், கூச்சலிடுகிறார்கள், சீறுகிறார்கள். வார்சா விழாவில் ‘வெறும் சத்தம்’ என்று சிலர் பழித்த அதே ஒலிகள், இங்கே பிலாத்துவின் முற்றத்தில் நின்ற கூட்டத்தின் குரலாகிவிடுகின்றன. இறுதியிலோ, எதிர்பாராத வகையில், தூய்மையான ஒரு மேஜர் சுரக்கூட்டில் எல்லாம் முடிகிறது.

இது முதன்முதல் பாடப்பட்டது 1966 மார்ச்சில், மேற்கு ஜெர்மனியின் மூன்ஸ்டர் பேராலயத்தில். அப்பேராலயத்தின் 700-ஆம் ஆண்டு நிறைவுக்காக. எழுதித் தரும்படி கேட்டவர்கள் ஜெர்மானியர்; எழுதியவர் போலந்துக்காரர். போர் முடிந்து அப்போது இருபத்தோராண்டுகள்தாம் ஆகியிருந்தன. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 1965 நவம்பரில், போலந்து ஆயர்கள் ஜெர்மானிய ஆயர்களுக்கு மன்னிப்பு வழங்கியும் மன்னிப்புக் கேட்டும் மடல் அனுப்பியிருந்தார்கள். 1966 போலந்து ஞானஸ்நானம் பெற்ற ஆயிரமாவது ஆண்டுமாகும். அந்த விழாவுக்கு வர விரும்பிய பாப்பரசர் ஆறாம் சின்னப்பருக்கு அரசு அனுமதி மறுத்தது. பாப்பரசரைத் தடுத்த நாட்டிலிருந்து பாடுகளின் இசை மட்டும் உலகெங்கும் பயணம் செய்தது!

ஹென்ரிக் குரெட்ஸ்கி என்பவரைப் பற்றியும் சொல்லாமல் விட மனமில்லை. 1960 விழாவில் அவருடைய ‘மோதல்கள்’ என்ற படைப்பு பெருங்குழுவால் இடிமுழக்கம்போல் வாசிக்கப்பட்டுப் பரபரப்பை உண்டாக்கியது. ஆனால் காலப்போக்கில் அவர் மனம் மாறி, மிக எளிய, மிக மெதுவான இசைக்குத் திரும்பினார். 1976-இல் எழுதிய மூன்றாம் சிம்பொனியில் மூன்று பாடல்கள். மூன்றும் தாயும் பிள்ளையும் பிரியும் துயரைப் பற்றியவை. ஒன்று, சிலுவையடியில் தேவமாதாவின் பழைய புலம்பல். மற்றொன்று, 1944-இல் சக்கொபானே ஊரிலிருந்த ஜெர்மானியச் சிறையின் சுவரில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி எழுதிவைத்த சிறு வேண்டுதல். நம்மைவிட மூன்றே வயது மூத்தவள்! 1977-இல் பிரான்சில் ரொயான் விழாவில் இதைக் கேட்ட புதுமைவாதிகள் சிலருக்கு இது பிடிக்கவில்லை, ‘இவ்வளவு எளிமையா?’ என்றார்கள். ஒரு காலத்தில் கடினமாக எழுதக் கூடாது என்று அரசு மிரட்டியது; இப்போது எளிமையாக எழுதக் கூடாது என்று அறிஞர்கள் மிரட்டினார்கள்! குரெட்ஸ்கி இருவருக்கும் செவிசாய்க்கவில்லை. 1992-இல் வெளிவந்த அதன் ஒலிப்பதிவு பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. க்ராக்கோவ் கர்தினாலாக இருந்த வொய்த்தீவா, அதாவது பின்னாளில் பாப்பரசரான இரண்டாம் அருள் சின்னப்பர், கேட்டுக்கொண்டதற்கிணங்க 1979-இல் ‘பேயாத்துஸ் வீர்’ என்ற பெரும் பாடலை எழுதியவரும் இவரே.

விழா தொடங்கியது முதல் நடைபெறாத ஆண்டுகள் இரண்டு: 1957, 1982. 1981 டிசம்பர் 13 அன்று போலந்தில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. தொழிலாளர் சங்கமான ‘சாலிடாரிட்டி’யின் தலைவர்கள் சிறைப்பட்டார்கள். அடுத்த இலையுதிர்காலத்தில் விழா இல்லை. 1983-இல் மீண்டும் நடந்தது.

காப்பிக் கடையில் பியானோ வாசித்த இருவரை நினைவில் வைத்திருக்கிறீர்களா? நாட்டிலேயே தங்கிவிட்ட லூட்டோஸ்வாவ்ஸ்கி உலகப் புகழ் பெற்றார். பானுஃப்னிக்கின் இசை 1977 விழாவில்தான் மீண்டும் போலந்து மண்ணில் கேட்டது. ஆனால் அவர் வரவில்லை. கம்யூனிஸ்டு ஆட்சி முடிந்தபின், 1990 விழாவுக்கு, முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து வார்சா திரும்பி, தாமே நின்று தம் இசையை நடத்தினார். மறு ஆண்டு இறந்தார். லூட்டோஸ்வாவ்ஸ்கி 1994-லும், குரெட்ஸ்கி 2010-லும், பெண்டெரெட்ஸ்கி 2020-லும் மறைந்தார்கள். விழா மட்டும் இன்னும் ஒவ்வொரு செப்டம்பரிலும் நடக்கிறது. அண்மை ஆண்டுகளில் குழந்தைகளுக்கென்று ‘குட்டி வார்சா இலையுதிர்காலம்’ என்ற பகுதியும் சேர்ந்திருக்கிறது. அங்கே பிள்ளைகள் தாங்களே தட்டியும் உரசியும் ஊதியும் ஒலிகளை உண்டாக்கிப் பார்க்கலாம். இங்கே நாம் மேசையைத் தட்டினால் கிடைக்கும் மரியாதையே வேறு!

இந்த இசையைக் கேட்க விரும்பும் தோழியர்க்கு ஒரு சொல். எடுத்த எடுப்பில் ஹிரோஷிமா இரங்கலைக் கேட்க வேண்டாம். குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனியில் தொடங்குங்கள். முதற்பகுதியில் டபுள் பாஸ்கள் மிக மெதுவாகத் தொடங்கும். ஒன்றும் நடக்கவில்லை என்று அணைத்துவிடாதீர்கள், பாடல் வருவதற்கு நெடுநேரமாகும். அடுத்து லூட்டோஸ்வாவ்ஸ்கி 1958-இல் பார்ட்டோக்கின் நினைவாக எழுதிய ‘துயர இசை’. பிறகு லூக்காஸ் பாடுகள். அதைத் தவக்காலத்தில் நற்செய்தி நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. இரங்கலைக் கடைசியாகக் கேளுங்கள். அதையும் பகல் வேளையில், காதில் மாட்டும் கருவியில் கேளுங்கள். எங்கள் வீட்டில் ஒலிபெருக்கியில் வைத்தபோது பாட்டி செபமாலையும் கையுமாக அறைக்குள் ஓடி வந்துவிட்டார்கள்.